கூட்டுப் பட்டாவும் தனிப் பட்டாவும்

நாங்கள் சான் பிரான்சிஸ்கோ வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஃப்ரீமாண்டுக்கு வந்த கதையை முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் சென்ற மாதம் கோவிலில் பார்த்தபோது கேட்டார்: "நாலே நாலு வீடு உள்ள கட்டடம். அதை காண்டோவாக மாற்ற உங்களுக்கு ஏன் பத்து வருஷம் ஆயிற்று?" நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1995-ல் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து அந்தப் பழைய மரக் கட்டடத்தை வாங்கினோம். பத்திரத்தில் மூவர் பெயரும் இருக்கும். ஆனால் இந்த மாடி இவருக்கு என்று இருக்காது. வங்கிக் கடனும் ஒன்றுதான். ஒருவர் தவணை கட்டத் தவறினால் மூவர் தலையிலும் விழும். இது நம் ஊர்க் கூட்டுப் பட்டா மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம், தனிக் கடன், தனி வரி என்று பிரித்துக்கொண்டால் அதுதான் காண்டோமினியம். நம் கணக்கில் தனிப் பட்டா. சேர்ந்து ஆளும் உடைமை என்பதே அந்த லத்தீன் சொல்லின் பொருள். சுவருக்கு உள்ளே இருப்பது தனக்கு. கூரை, படிக்கட்டு, நிலம் எல்லாருக்கும் பொது.

அமெரிக்காவில் இந்த முறைக்கு வயது அதிகமில்லை. போர்ட்டோ ரிக்கோவில் 1958-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. 1961-ல் மத்திய அரசு காண்டோ கடன்களுக்கும் காப்புறுதி கொடுக்க முன்வந்தது. அதற்குப் பின் சூடு பிடித்தது. வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பதைவிட வீடு வீடாகப் பிரித்து விற்றால் லாபம் என்று கட்டட முதலாளிகள் கண்டுகொண்டார்கள். 1970-களில் நாடு முழுவதும் சுமார் 3,66,000 வாடகை வீடுகள் இப்படி மாறின என்று மத்திய வீட்டுவசதித் துறையின் ஆய்வு சொன்னது. பெரும்பகுதி அந்தப் பத்தாண்டின் கடைசி மூன்று ஆண்டுகளில் நடந்தது. குடியிருந்தவர்கள் வாங்க வேண்டும். பணம் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்த ஆண்டுகளில் வேறு ஒரு காயமும் இருந்தது. கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒரு பழைய விடுதி. மாத வாடகைக்குத் தங்கியவர்களில் பெரும்பாலோர் வயதான பிலிப்பைன்ஸ்காரர்களும் சீனர்களும். காண்டோ விவகாரம் அல்ல; உரிமையாளருக்கு இடத்தைக் காலி செய்து வேறு கட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், வெளியே கைகோத்து நின்ற சுமார் 3,000 பேரையும் மீறி, போலீஸ் உள்ளே போய்க் கிழவர்களை வெளியேற்றியது.

1979-ல் நகரம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. காண்டோ மாற்றத்துக்கும் வரம்பு வந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆறு வீட்டுக்கு மேல் உள்ள கட்டடத்தை மாற்றவே முடியாது. மற்றவற்றில் ஆண்டுக்கு 200 வீடுகள்தான். யாருக்கு அந்த 200 என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். இரண்டே வீடுகள், இரண்டிலும் உரிமையாளர்களே குடியிருக்கிறார்கள் என்றால் மட்டும் குலுக்கல் கிடையாது.

எங்களுடையது நாலு வீடு. மூன்றில் நாங்கள். கீழ்த்தளத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெரியவர், உணவகச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு முன்னால் இருபது வருஷமாக அங்கே குடியிருந்தார். வாடகை மிகக் குறைவு.

குலுக்கலில் சேர உரிமையாளர் ஒருவராவது மூன்று ஆண்டு தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். எங்களுக்கு 1998-ல் அது முடிந்தது. அப்போது பங்குதாரர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: "விண்ணப்பிக்கும் முன்னாலேயே கீழ்வீடு காலியாகிவிட்டால் நல்லது. ஒரு தொகை கொடுத்து அவரைப் போகச் சொல்லலாம்." காரணம் இருந்தது. குடியிருப்பவருக்கு 62 வயதுக்கு மேல் ஆகியிருந்தால், அவர் ஆயுள் உள்ளவரை குடியிருக்க ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. அந்த வீட்டுக்குச் சந்தை விலை கிடைக்காது.

பேசப் போனது நான். அவரோடு எனக்குத்தான் பழக்கம். தொகையை எழுதிய கடிதம் சட்டைப் பையில் இருந்தது. காபி போட்டுக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "வெளியே போகச் சொல்லும் காகிதமா?" என்று கேட்டார். 1977-ல் அந்த இரவு கியர்னி தெருவில் தானும் நின்றதாகவும், சிநேகிதர் ஒருவர் அந்த விடுதியில் இருந்து அதன் பின் ஊர் ஊராக அலைந்ததாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் காபியைக் குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன். கடிதம் பையிலேயே இருந்தது. பங்குதாரரிடம், "அவர் சம்மதிக்கவில்லை" என்று சொன்னேன். அது முழு உண்மையல்ல. நான் கேட்கவே இல்லை.

1999-ல் தொடங்கி ஐந்து குலுக்கல்களில் தோற்றோம். ஆறாவதில், 2004-ல், எங்கள் எண் விழுந்தது. பிறகு நகராட்சி ஆய்வு, பழுது பார்ப்பு, நில அளவையாளர் வரைபடம், கட்டணங்கள். விண்ணப்பத்தோடு கட்டடத்தில் குடியிருப்பவர் பெயர், வயது, வாடகை எல்லாம் கொடுக்க வேண்டும். எரிச்சலோடுதான் நிரப்பினேன். பெரியவரிடம் ஆயுள் ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து, "இதில் என் பெயர் இருக்கிறது" என்றார்.

2005-ல் தனிப் பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டு கியர்னி தெருவில், பல வருஷம் வெறும் பள்ளமாகக் கிடந்த அந்த இடத்தில், முதியோருக்கு 105 வீடுகள் கொண்ட புதிய கட்டடம் திறந்தது. பெரியவர் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆறு ஆண்டுகள் எங்கள் கீழ்வீட்டிலேயே இருந்து, அங்கேயே காலமானார். அதன் பிறகுதான் அந்த வீட்டை விற்றோம்.

2013-ல் நகரம் குலுக்கலை நிறுத்தி வைத்தது. காத்திருந்தவர்கள் வீட்டுக்கு 20,000 டாலர் வரை கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றது. ஆனால் குடியிருப்பவருக்கு, வயது எதுவானாலும், ஆயுள் ஒப்பந்தம் தர வேண்டும் என்றது.

நண்பர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பத்து வருஷத்தில் மூன்று தகுதிக்கு, ஆறு குலுக்கலுக்கு, ஒன்று காகித வேலைக்கு. அந்த நாட்களில் சட்டத்தைத் திட்டாத நாளில்லை. ஆனால் பையில் கடிதத்தோடு நான் படியிறங்கியதை நினைத்தால், நான் கேட்காமல் வந்தது என் நல்ல குணத்தால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். வேறொரு நாள், வேறொருவர் இறங்கியிருக்கலாம். அன்று அவரைக் காத்தது ஒரு கோப்பை காபி. அதற்குப் பின் காத்தது அந்த ஒப்பந்தம்.