முட்டினால் யார் குற்றம்? கார் பந்தய மோதல்களும் ரசிகர்களின் தீர்ப்பும்

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் தேநீர்க் கடைகளிலும் செபராங் பிறை பக்கத்துத் தோட்டப்புறக் கடைகளிலும், கார் பந்தயம் பற்றிப் பேச்சு எழுந்தால் அது விரைவில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். இரண்டு கார்கள் முட்டிக்கொண்டால் குற்றம் யாருடையது? முந்த வந்தவருடையதா, வழிவிடாதவருடையதா? தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி 2012-இல் சொந்தப் பிரச்சினையாகவே ஆனது. அந்த மோதல் நடந்தது நம் நாட்டின் செப்பாங்கில். அதில் சிக்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்.

செப்பாங்கில் நடந்தது

2012 மார்ச் 25-ஆம் தேதி மலேசிய கிராண்ட் பிரி பந்தயம் கனமழையால் இடையில் நிறுத்தப்பட்டு, பிறகு மீண்டும் தொடங்கியது. களத்தின் மிக மெதுவான கார்களில் ஒன்றான எச்.ஆர்.டி. காரை ஓட்டிய நரேன், மழைக்கான டயருடன் புறப்பட்டதால் ஒரு கட்டத்தில் 10-ஆவது இடம் வரை முன்னேறியிருந்தார்.

அன்று அவரோடு இரண்டு பெரிய ஓட்டுநர்கள் மோதினார்கள். முதலாமவர் ஜென்சன் பட்டன். நரேனை நெருங்கியபோது அவரது காரின் முன் இறக்கை உடைந்தது. தவறு தன்னுடையதே என்று பட்டன் ஒப்புக்கொண்டார். இரண்டாமவர் அப்போதைய உலக வெற்றியாளர் செபாஸ்டியன் வெட்டல். 4-ஆவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த அவர், ஒரு சுற்று பின்தங்கியிருந்த நரேனைக் கடந்தபோது, நரேன் காரின் முன்பகுதி அவரது பின் டயரில் உரசியது. டயர் கிழிந்தது. வெட்டல் 11-ஆவதாக முடித்தார். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

வெட்டல் கோபத்தில் கையசைத்தார். நரேனை முட்டாள் என்று ஏசினார். ஜெர்மானிய வழக்கில் 'வெள்ளரிக்காய்' என்றும் கேலி செய்தார். ஒன்றுக்கும் உதவாதவர் என்பது அதன் பொருள். வழிவிடவே ஒதுங்கியதாகச் சொன்ன நரேன், வெட்டல் அழுபிள்ளை போல நடந்துகொள்கிறார் என்று பதிலடி கொடுத்தார். மோதலுக்குக் காரணமானதாக நடுவர்கள் நரேனின் நேரத்தில் 20 விநாடிகளைச் சேர்த்தனர்.

பெரிய அணி என்பதால் ஒரு பக்கமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்பது தமிழ் ரசிகர்கள் பலரின் ஆதங்கம். பின்தங்கிய கார் ஒதுங்கித்தான் ஆகவேண்டும் என்பது மறுதரப்பின் வாதம்.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

பந்தய நடுவர்கள் ஓட்டுநரின் புகழையோ, அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தையோ வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. 2010 முதல் ஃபார்முலா 1 நடுவர் குழுவில் முன்னாள் ஓட்டுநர் ஒருவரும் இடம்பெறுகிறார். காணொளி, பிரேக் பிடித்த இடம், ஸ்டீயரிங் திருப்பிய நேரம் ஆகியவற்றை அவர்கள் ஆராய்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

முந்த வந்தவர் வளைவுக்கு முன்பே பக்கவாட்டில் வந்துவிட்டாரா?

பக்கத்தில் கார் இருப்பது தெரிந்தும் மற்றவர் இடம் விடாமல் நெருக்கினாரா?

பின்தங்கிய காருக்கு நீலக்கொடி காட்டப்பட்டதா? காட்டப்பட்டால் அவர் வழிவிட வேண்டும்.

மோதலைத் தவிர்க்க இருவரில் ஒருவருக்காவது வாய்ப்பு இருந்ததா? இருவருக்கும் இல்லையென்றால் அது 'பந்தயச் சம்பவம்'. யாருக்கும் தண்டனை இல்லை.

செப்பாங்கில் மூன்றாவது கேள்வி நரேனுக்கு எதிராக நின்றது. கடந்து சென்ற வெட்டல் போதிய இடைவெளி விட்டாரா என்பது இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது. ரசிகர்கள் இன்றும் வாதிடுவது அதைத்தான். தண்டனையை ஏற்பவர்கள்கூட ஏச்சை ஏற்க வேண்டியதில்லை. இழந்த புள்ளிகளும் வெட்டலைக் கவிழ்க்கவில்லை. அந்த ஆண்டின் உலகப் பட்டத்தை அவர் 3 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

ஓவல் தடத்தில் விலை அதிகம்

செப்பாங்கில் உரசலின் விலை ஒரு டயரும் சில புள்ளிகளும்தான். அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்கள் பல நடக்கும் முட்டை வடிவ ஓவல் தடங்களில் அப்படியல்ல. இண்டியானாபோலிஸ் தடம் ஒரு சுற்றுக்கு 4 கிலோமீட்டர். அங்கே கார்கள் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. ஓரத்தில் மண்ணோ புல்லோ இல்லை, சுவர்தான்.

இந்தக் கார்களின் சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே இருக்கும். பின்னால் வரும் காரின் முன் சக்கரம் முன்னால் போகும் காரின் பின் சக்கரத்தில் ஏறினால், கார் அப்படியே காற்றில் எழும்பும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை ஓட்டுநரால் முழுமையாகப் பார்க்க முடியாது. அதனால் உயரமான இடத்தில் நிற்கும் 'ஸ்பாட்டர்' ஒருவர் வானொலி வழியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நரேனும் 2010-இல் நாஸ்கார் டிரக் பந்தயங்களில் ஓவல் தடங்களில் ஓட்டியவர்தான். அந்த ஆண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகவும் ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் டிரக்கின் சக்கரங்கள் உடற்பகுதிக்குள் இருப்பவை. அங்கே லேசாக இடிப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அதே இடி இண்டிகாரில் உயிரைப் பறிக்கும்.

ஒரு வாரத்தில் இரண்டு மரணங்கள்

2011 அக்டோபர் 16-ஆம் தேதி லாஸ் வேகாஸ் ஓவலில் 34 கார்கள் புறப்பட்டன. 11-ஆவது சுற்றில் 15 கார்கள் ஒன்றோடொன்று மோதின. அந்த ஆண்டின் இண்டியானாபோலிஸ் 500 வெற்றியாளர் டான் வெல்டன் உயிரிழந்தார். பின்னாலிருந்து வந்த அவர் முன்னே நடந்த விபத்தில் சிக்கிக்கொண்டவர். அத்தனை கார்களை அவ்வளவு சிறிய தடத்தில் விட்டது சரியா என்ற கேள்வி ஏற்பாட்டாளர்கள் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டு வந்த புதிய காருக்கு அவர் நினைவாக டி.டபிள்யூ.12 என்று பெயரிடப்பட்டது. சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதிருக்கப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் தடுப்பும் வைக்கப்பட்டது.

சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 23-ஆம் தேதி, செப்பாங் மோட்டோ ஜிபி பந்தயத்தில் மார்கோ சிமொன்செல்லி விழுந்தார். அவரது மோட்டார் சைக்கிள் வெளியே சறுக்காமல் தடத்தின் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த இருவரால் விலக முடியவில்லை. அவர் இறந்தார். நான்காவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தவிர்க்க வழியே இல்லாத இடத்தில் குற்றவாளியைத் தேடுவதில் நியாயம் இல்லை.

துணிச்சலா, அவசரமா?

ஆசிய ரசிகர்கள் அதிகம் வாதிட்ட ஓவல் ஓட்டுநர் ஜப்பானின் தக்குமா சாட்டோ. 2012 இண்டியானாபோலிஸ் 500-இன் கடைசிச் சுற்றில், முன்னிலையில் இருந்த டாரியோ ஃபிராஞ்சிட்டியை உள்பக்கமாக முந்தப் போய்ச் சுழன்று சுவரில் மோதினார். வெற்றி கைநழுவியது. அவசரம் என்றார்கள் சிலர், இடம் விடப்படவில்லை என்றார்கள் சிலர். 2017-இல் அதே பந்தயத்தை வென்று, அதை வென்ற முதல் ஆசியர் ஆனார். 2019-இல் போக்கோனோ ஓவலின் முதல் சுற்று விபத்துக்காக மீண்டும் கடும் கண்டனம். அடுத்த வாரமே இன்னொரு ஓவலில் வென்றார். 2020-இல் இண்டியானாபோலிஸ் 500-ஐ இரண்டாம் முறை வென்றார்.

ஒதுங்குவதும் ஓட்டும் திறமைதான்

2005-இல் நரேனுக்குக் கிடைத்த 4-ஆவது இடமும் ஓவலோடு தொடர்புடையது. அன்று அமெரிக்க கிராண்ட் பிரி, இண்டியானாபோலிஸ் ஓவலின் சாய்வான வளைவு ஒன்றையும் பயன்படுத்தியது. பயிற்சியில் அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் தன் டயர்கள் தாங்கும் என்று மிஷெலின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. அறிமுகச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் விலகிக்கொண்டன. வேறு டயர் பொருத்திய 6 கார்கள் மட்டுமே ஓடின. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கொதித்தார்கள், தடத்தில் புட்டிகள் விழுந்தன. அன்று கிடைத்த 5 புள்ளிகளே ஃபார்முலா 1-இல் நரேன் பெற்ற மொத்தப் புள்ளிகள்.

அன்று விலகியவர்களைக் கோழைகள் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் அந்த வளைவில் அன்று எவரும் சாகவில்லை. பந்தயத்தில் மோதல் நடந்தால் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க நடுவர்கள் இருக்கிறார்கள். பினாங்கின் நெடுஞ்சாலையில் இரவில் மோட்டார் சைக்கிளை முறுக்கும் இளைஞருக்கு அந்த வசதி இல்லை. அங்கே யார் குற்றம் என்ற கேள்வி பெரும்பாலும் மருத்துவமனை வாசலில்தான் கேட்கப்படுகிறது.