உட்கார்ந்திருந்தாலும் வேகக்காலன்

பி.காம். படித்தவனுக்குக் கிரேக்கக் காவியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நாக்பூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. பிராஞ்ச் வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் புத்தகம்தான் துணை. இந்தக் கோடையில் ஹோமரின் இலியட், ஆங்கில மொழிபெயர்ப்பில்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அக்கிலிஸின் பெயரோடு அடிக்கடி 'வேகமான கால்களை உடைய' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. முதல் பகுதியிலேயே அவன் கோபித்துக்கொண்டு கப்பல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அப்போதும் வேகமான கால்கள்தான்!

இதற்கு விடை சொன்னவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். ஆறு சீர் கொண்ட வரியில் பெயரைப் பொருத்தமாக உட்கார வைக்கத்தான் இந்த அடைமொழிகள் என்று 1928-ல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வில் காட்டினார். 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்தார். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனப்பாடமாக ஒப்பிக்காமல், கைவசமிருந்த தொடர்களைக் கோத்து அங்கேயே பாட்டுக் கட்டினார்கள். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று யோசிக்காமலே ஆரம்பிக்கும் எனக்கு இது உடனே புரிந்தது.

வீரனின் குணத்துக்கும் ஒரு மரபு உண்டு. அவன் தேடுவது 'கிளியோஸ்', அதாவது செத்த பிறகும் பாடப்படும் புகழ். அக்கிலிஸுக்கு முன்னால் இரண்டு வழி. டிராயில் நின்று போரிட்டால் அழியாப் புகழ், ஆனால் ஊர் திரும்ப முடியாது. திரும்பினால் நீண்ட ஆயுள், புகழ் கிடையாது. இதைத் தாய் தீட்டிஸ் சொன்னதாக 9-ஆம் பகுதியில் அவனே சொல்கிறான். ஊருக்குக் கிளம்பப் போவதாகவும் மிரட்டுகிறான். நண்பன் பட்ரோக்ளஸ் கொல்லப்பட்டதும் எல்லாம் மாறிவிடுகிறது. பழிவாங்க நின்றுவிடுகிறான்.

மரக்குதிரையோடு கதை முடியும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கடைசியான 24-ஆம் பகுதியில், அக்கிலிஸ் கொன்ற ஹெக்டரின் கிழத் தந்தை பிரியம், மகனின் உடலைக் கேட்டு எதிரியின் கூடாரத்துக்கே வருகிறார். மகனைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் அப்பாவை நினைத்துப் பார் என்கிறார். அக்கிலிஸ் அழுகிறான். வயதான அப்பா பீலியஸைக் கவனிக்காமல், ஊரை விட்டு வெகுதூரத்தில், இந்த டிராயில் உட்கார்ந்திருக்கிறேனே என்கிறான்.

வேகமான கால்கள். ஆனாலும் அப்பாவிடம் போக முடியவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கும்பகோணத்தில் அப்பாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். பிரமோஷனுக்கு விருப்பம் கேட்டுப் போன மாதம் படிவம் கொடுத்தார்கள். கிடைத்தால் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும். படிவம் பையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் நிரப்பப் போகிறேன். உங்கள் வீட்டில் இந்தக் கட்டம் வந்தபோது என்ன முடிவு எடுத்தீர்கள்? சொல்லுங்கள்.