பல்பு வம்சம்

தபால் தலை சேர்ப்பவரை ஊரார் மதிக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவரிடம் சிறிது பொறாமைகூட உண்டு. பழைய ரேடியோ வால்வு சேர்க்கும் என்னைப் பார்த்து மட்டும், "எதற்கு ஐயா இந்த ஃப்யூஸ் போன பல்பெல்லாம்?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வால்வு பல்பு வம்சத்தில் பிறந்ததுதான்.

பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துப் போவானேன் என்று எடிசன் ஆராய்ந்தார். சூடான இழையிலிருந்து, அருகே தொடாமல் நிற்கும் தகட்டுக்கு வெற்றிடத்தின் வழியே மின்சாரம் தாவுவது தெரிந்தது. 1884-ல் அதற்குப் பேட்டண்ட் வாங்கினார்; அத்துடன் சரி. இருபது வருஷம் கழித்து, 1904-ல், அந்த விந்தையை ரேடியோவுக்கு வேலை செய்ய வைத்தவர் இங்கிலாந்தின் ஃபிளெமிங். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடுவதால் வால்வு என்று பெயர் வந்தது. அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பியைச் செருகினார். மெல்லிய சப்தத்தைப் பெருக்கும் வித்தை அதில்தான் ஒளிந்திருந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்! 1947 டிசம்பரில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. வால்வுக்கு அந்திமக் காலம் ஆரம்பித்தது.

வாங்கும்போது முதலில் உச்சியைப் பார்க்க வேண்டும். உட்புறம் வெள்ளி பூசினாற்போல் பளபளத்தால் க்ஷேமம். வெளுத்துப் பாலாகிவிட்டால், காற்று புகுந்துவிட்டது, ஆசாமி காலி. எழுத்தை நம்பக் கூடாது. பழைய எழுத்தை அழித்துப் புதிய பெயரை அச்சடிக்கும் கைகாரர்கள் உண்டு. ஜெர்மனியின் டெலிஃபங்கன் கம்பெனி தன் சிறு வால்வுகளின் அடிக் கண்ணாடியிலேயே வைரக்கட்டி போன்ற ஒரு முத்திரையை வார்த்தது. விரலால் தடவினால் தெரியும். அச்சைவிட அது நம்பகமானது.

சேர்ப்பவர்களுக்குள் இரண்டு கட்சி. வால்வின் உள்ளே இருக்கும் பேரியப் பூச்சு, எரிய எரியத் தேய்ந்து போகும். சில ஆயிரம் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் வால்வுகள் ஏராளம். ஆகவே பெட்டியைப் பிரிக்காதே என்கிறது ஒரு கட்சி. எரியாத வால்வு வெறும் கண்ணாடிதானே என்கிறது மற்றது. நான் இரண்டாவது கட்சி. இழை சிவந்து, அரை நிமிஷம் யோசித்துவிட்டு, அப்புறம் பேச ஆரம்பிக்கும் ரேடியோவின் சுகம் பெட்டிக்குள் இல்லை.

ஆனாலும் எதிர்க்கட்சியிடம் ஒரு நியாயம் இருக்கிறது. தேய்ந்த வால்வை வைத்துக்கொண்டு, புதிதில் அது எப்படிப் பாடியது என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது. ஆகவே ஒரே ரகத்தில் இரண்டு கிடைத்தால் ஒன்றை எரிக்கிறேன், ஒன்றை மூடி வைக்கிறேன். ஒன்றே ஒன்று கிடைத்தால்தான் சங்கடம். வைர முத்திரையுடன் ஒரு டெலிஃபங்கன் இப்போது என் மேஜைமேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.