தூத்துக்குடித் தோணியின் பாய்

தூத்துக்குடித் தோணியின் பாய் காலமாகிவிட்டது. நாள், நட்சத்திரம் குறிக்க முடியாத சாவு. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் ஒவ்வொரு தோணியாக டீசல் இன்ஜின் ஏறியது. பாய் முதலில் இன்ஜினுக்குத் துணையாக நின்றது. பிறகு சுருட்டி வைக்கப்பட்டது. கடைசியில் அதை ஏற்றத் தெரிந்த ஆட்களே தோணியில் இல்லாமல் போனார்கள். தோணி இன்னும் இருக்கிறது. பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிறது. ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல், ஒரு பிடிப் புகை விடாமல், நம் கரையிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு கொண்டுபோன வழக்கம் அந்தப் பாயோடு முடிந்துபோயிற்று.

கடல் கண்ணுக்கெட்டாத கடமலைக்குண்டிலிருந்து இதற்கு ஏன் இரங்க வேண்டும்? எங்கள் வருசநாட்டு மலையடியில் விளையும் இலவம்பஞ்சு லாரி ஏறி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிப் போகிறது. அந்த லாரியில் எரியும் டீசலில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பது 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதி. துறைமுகத்தில் அதே மாதிரி ஒரு மூட்டை ஏறும் கப்பலுக்கு நடுக்கடலில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் நூற்றுக்கு 0.5. லாரியைப் போல 500 மடங்கு. அதுவும் 2020 ஜனவரி முதல்தான். அதற்கு முந்தைய நாள் வரை நூற்றுக்கு 3.5 வரை போகலாம், அதாவது 3,500 மடங்கு. சுத்திகரிப்பு ஆலையில் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடுதான் பெரிய கப்பல்களின் எரிபொருளாக இருந்துவந்தது. தார் போலக் கெட்டியானது. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். தரையில் யாரும் எரிக்க விரும்பாததைக் கடலில் எரித்தோம், அங்கே கேட்க ஆளில்லை என்பதால். கந்தகப் புகையும் கரித்தூளும் கடலோடு நின்றுவிடவில்லை. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் நெஞ்சுக்குள் அது இறங்குகிறது.

தோணியின் பிழைப்பு தொடங்கியது தூத்துக்குடிக் கடலின் ஆழக்குறைவால். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரமிட்டன. பருத்தியையும் மற்றச் சரக்கையும் அவற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது தோணி. அதே தோணிதான் தனியாகவும் கடல் தாண்டியது. உப்பு, வெங்காயம், வத்தல், கருவாடு, ஓடு என்று ஏற்றிக்கொண்டு சுமார் 150 கடல் மைல் தள்ளியிருக்கும் கொழும்புக்குப் போகும். நல்ல காற்று கிடைத்தால் ஒன்றிரண்டு நாள். கிடைக்காவிட்டால் கணக்குக் கிடையாது.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அவர் வாங்கியவை நீராவிக் கப்பல்கள். காலத்தின் போக்கு அது. ஆனாலும் நிலக்கரி எரித்த நீராவிக் கப்பல்களெல்லாம் மறைந்த பின்னும் தோணியின் பாய் காற்று வாங்கிக்கொண்டுதான் இருந்தது. பழசு என்று ஒதுக்கப்பட்ட பொருள் புதுசை வழியனுப்பி வைத்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

அந்தப் பாயை நடத்தியவர் தண்டல். தோணியின் தலைவர் அவர்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு ஊரும் உறவும் தெரிந்தவர். எதிர்க்காற்றில் நேரே போக முடியாது. வலமும் இடமுமாகக் குறுக்கே ஓடி ஓடித்தான் ஏற வேண்டும். எப்போது திருப்புவது, எவ்வளவு பாயைச் சுருக்குவது, பகல் காற்று கரைக்காற்றாக மாறும்வரை பொறுப்பதா என்பதெல்லாம் உடம்பில் ஊறிய கணக்கு. மேற்குக் காற்றை எங்கள் ஊரில் மேகாத்து என்போம். ஆடியில் வீட்டு ஓட்டைத் தூக்கும். ஆண்டிபட்டி, உத்தமபாளையம் பக்கம் காற்றாலைகளை ஓயாமல் சுற்றவைக்கும். கடற்கரைக்காரர்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். அது சீறும் மாதங்களில் தோணிகள் வெளிக்கடல் போகாது. கரையேறி மராமத்துக்கு நிற்கும். எந்தக் காற்றோடு போகலாம், எந்தக் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் அந்தத் தொழிலின் அறிவு.

பாயின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். புயலில் போன தோணிகள் உண்டு, வராத ஆளுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. இன்ஜின் வந்தபோது மாலுமியின் வீட்டில் நிம்மதி வந்திருக்கும். சரக்குக்காரருக்கோ நாள் தவறாமல் போய்ச்சேர வேண்டும். பின்னால் கண்டெய்னர் வந்தது, இலங்கையில் போர் வந்தது. ஜோ டி குருஸின் 'கொற்கை', 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல், அந்தத் துறைமுகத்து மனிதர்களின் வாழ்வையும் வீழ்ச்சியையும் பதிவுசெய்திருக்கிறது. எனக்கு ஆறாதது வேறு. இன்ஜினையும் பாயையும் ஒப்பிட்ட எந்தக் கணக்கிலும் புகைக்கு விலை போடப்படவில்லை. காற்று இலவசம் என்பது பாயின் பக்கம் வரவாக நின்றது, சரிதான். புகையின் கேடு இன்ஜினின் பக்கம் செலவாக நிற்கவே இல்லை. அந்தத் தராசில் பாய் தோற்றதை நியாயமான தோல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது அந்த விலையைப் போடத்தான் உலகம் திணறுகிறது. மனிதர்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு கப்பல்களுடையது. 2050 வாக்கில் அதை நிகரச் சுழியத்துக்குக் கொண்டுவருவோம் என்று 2023இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு முடிவெடுத்தது. கப்பலின் கரிமத்துக்குக் கட்டணம் வைக்கும் திட்டம் 2025 அக்டோபரில் லண்டனில் வாக்கெடுப்புக்கு வர வேண்டியது, ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். இடையில் பாயே திரும்பி வந்துவிட்டது. 2023இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு விறைப்பான இறக்கைகளை நிமிர்த்திக்கொண்டு பிரேசில் போனது. முதல் ஆறு மாத ஓட்டத்தில் சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமானதாகச் சொன்னார்கள். கணினி காற்றைப் பார்த்து இறக்கையைத் திருப்புகிறது. மகிழ்ச்சிதான். நம் தண்டல் முகத்தில் காற்று வாங்கிச் செய்த வேலை அது என்று அங்கே யாருக்கும் தெரியாது; இங்கேயும் நாம் சொல்லவில்லை.

பாய் விட்டுச்சென்றவை சில உண்டு. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி இன்ஜின் பூட்டிய தோணியும் பாய்க்கப்பல் வகையில்தான் வந்தது. பாய் ஏற்றிக் கொழும்பு போய்வந்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையமாக்கப் பெரும் பணம் செலவாகிறது, ஆகட்டும், வேண்டியதுதான். அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, அந்தப் பெரியவர்களை உட்காரவைத்து, மன்னார் வளைகுடாவில் எந்த மாதம் எந்தக் காற்று எப்போது திரும்பும் என்பதை எழுதி வாங்க வேண்டும். மாலத்தீவு ஓட்டத்திலிருக்கும் ஒரே ஒரு தோணிக்காவது மறுபடி பாய் கட்டி, ஒரு பருவம் முழுக்க எத்தனை லிட்டர் டீசல் குறைகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிறது, அடுத்த வாடைப் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.