பச்சைப் பொத்தான்

மானிட இயல் படித்தவர்கள் என்றால், ஏதாவது ஒரு தீவுக்குப் போய், அங்குள்ள ஜனங்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று குறிப்பெடுப்பவர்கள் என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். பெர்க்கிலி சர்வகலாசாலையில் அந்தப் படிப்புப் படித்த லூசி சச்மன், 1979-ம் வருஷம் போய்ச் சேர்ந்தது தீவுக்கு அல்ல. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில், நம் ஊரில் நகலுக்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் கம்பெனி நடத்திவந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு. அவர் அங்கே ஆராய்ந்த ஜனக்கூட்டம், நகல் யந்திரத்தின் முன் விழித்துக்கொண்டு நிற்பவர்கள்!

அந்தக் கம்பெனி அப்போது 8200 என்ற எண்ணுள்ள பெரிய யந்திரம் ஒன்றை விற்றது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்பது விளம்பரம். வாங்கியவர்களோ, இது பெரிய சிக்கல் என்று புகார் செய்தார்கள். இத்தகைய சமயங்களில் உத்தியோகஸ்தர்கள் சொல்லும் சமாதானம் நாம் அறிந்ததுதான்: "உபயோகிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் அப்படித்தான்."

சச்மன் யந்திரம் ஒன்றை நிலையத்திலேயே வைத்து, அங்கிருந்தவர்களை நகல் எடுக்கச் சொல்லிப் படம் பிடித்தார். படத்தில் இருவர் தத்தளிக்கிறார்கள். ஒருவர் ரான் காப்லன், கணிப்பொறி கொண்டு மொழியை ஆராய்பவர். மற்றவர் ஆலன் நியூவெல்; 1975-ல் டூரிங் பரிசு பெற்றவர். கணிப்பொறி முன் உட்கார்ந்தவர் ஒரு காரியத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள 1.35 விநாடி ஆகும் என்று கணக்குச் சொல்லும் புத்தகத்தை, 1983-ல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதியவர். அவருக்கே நகல் எடுக்க வரவில்லை என்றால், அசடு யார்?

இருவரைச் சேர்த்து நிறுத்துவதில் ஒரு யுக்தி இருக்கிறது. தனி ஆள் மனசுக்குள் நினைப்பது காமிராவில் விழாது. துணைக்கு ஒருவர் இருந்தால், "இது எதற்கு?" "அந்த மூடியைத் திறந்துதான் பாருங்களேன்" என்று தாமாகவே பேசிக்கொள்வார்கள். நாயகிக்குத் தோழியையும் நாயகனுக்கு விதூஷகனையும் பழைய நாடகாசிரியர்கள் வைத்தது இதற்காகத்தானே? தனியே நடந்துபோகும் பாத்திரத்தின் மனசைத் திறந்துகாட்ட நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

அடுத்த ஆராய்ச்சியில், 'இனி இதைச் செய்க' என்று திரையில் வழிகாட்டும் கணிப்பொறி ஒன்றை நகல் யந்திரத்தோடு இணைத்திருந்தார்கள். நடந்ததையெல்லாம் எழுத்தில் பெயர்த்து, நான்கு பத்தியாகப் பிரித்தார் சச்மன். யந்திரத்துக்குத் தெரியாமல் மனிதர் பேசுவதும் செய்வதும் முதலாவது; அதற்குத் தெரியும்படி செய்வது இரண்டாவது; யந்திரம் மனிதருக்குக் காட்டுவது மூன்றாவது; அப்படிக் காட்டும்படி அமைத்ததன் காரணம் நான்காவது. முதல் பத்தியில் எத்தனையோ பேச்சு, எத்தனையோ ஊகம்! இரண்டாவதில் பொத்தான் அமுக்கியது போன்ற சில செயல்கள்தான். அடுத்த வீட்டில் பாத்திரம் விழும் சத்தத்தை மட்டும் கேட்டு, சண்டைக்குக் காரணத்தை ஊகிப்பவனுடைய நிலைதான் யந்திரத்துக்கு.

இதனால் விளையும் சங்கடங்கள் இரண்டு. எல்லாம் சரியாக நடக்கும்போதே, ஏதோ தவறிவிட்டதென்று மனிதர் பதறுவது ஒன்று. மற்றது அதைவிடப் பொல்லாதது: தவறு நேர்ந்த பிறகும் இரு தரப்பும் எல்லாம் சரியென்றே வெகு தூரம் போய், பிறகு எங்கே வழி பிசகியது என்று தெரியாமல் திகைப்பது. (தாம்பத்தியத்திலும் இது உண்டு என்பது என் சிநேகிதர் ஒருவருடைய அபிப்பிராயம்.)

இந்த ஆராய்ச்சி 1987-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அச்சகத்தின் புத்தகமாக வந்தது. மனிதர் முன்கூட்டியே திட்டம் போட்டு அதன்படி நடக்கிறார் என்று நம்பி யந்திரம் அமைத்தவர்களோடு அதில் சச்மன் நேருக்கு நேர் வாதாடுகிறார். அதே கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டேதான்!