தோள்

இன்று ‘தோள்’ என்றால் கழுத்துக்கும் கைக்கும் இடைப்பட்ட மேட்டையே நினைக்கிறோம். பழைய வழக்கில் அது மேற்கையையும் சேர்த்தே குறித்தது. பெண்ணின் தோளுக்கு மூங்கிலை உவமை சொன்னதும், மேற்கையில் அணியும் நகைக்குத் தோள்வளை என்று பேர் வந்ததும் அதனால்தான். கன்னடத்தில் ‘தோளு’ என்றால் இன்றும் கைதான்.

தோள்பட்டையில் உள்ள ‘பட்டை’ தட்டையானது என்ற பொருள் தருவது. முதுகின் மேற்புறம் முக்கோணத் தகடுபோல் கிடக்கும் எலும்பு அது. காறை எலும்பு இன்னும் அழகான பெயர். காறை என்பது கழுத்தணி. அது படியும் இடத்து எலும்புக்கும் அதே பெயர். கையை உடற்கூட்டோடு எலும்பு வழியாக இணைப்பது இந்த ஒன்றே. மற்றபடி தோள்பட்டை தசைகளில்தான் தொங்குகிறது.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தும் குழி மிக ஆழமற்றது. அதனால் கை எல்லாத் திசையிலும் சுழலும். எளிதில் மூட்டு நழுவவும் செய்யும். உருண்டையைக் குழியில் பிடித்து வைப்பவற்றில் முக்கியமானவை நான்கு சுழல் தசைகள். வெளியே தெரியும் திரட்சி டெல்டா தசை. கிரேக்க முக்கோண எழுத்தின் பெயர். காவிரி டெல்டாவுக்கு வாய்த்ததும் அதுவே.

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்பதை வைத்துத் தோளிலிருந்து தோழன் பிறந்தான் என்பாரும் உண்டு. அங்கே ளகரம், இங்கே ழகரம். பழமொழியின் ஓசை நயத்தைச் சொற்பிறப்பாகக் கொள்ள வேண்டாம்.