தந்தை சொன்ன கதையும் சயாம் ரயிலும்

வரலாறு என்பது அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மட்டுமன்று என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் வகுப்பறையில் அதை நாம் நடத்தும் முறை பெரிதும் மாறிவிட்டதென்று சொல்வதற்கில்லை. மேலைநாட்டுப் பள்ளிகள் பலவற்றில், வரலாற்றுப் பாடவேளையில் அன்று, ஆங்கிலப் பாடவேளையிலேயே ஒரு படக்கதை நூலைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் பெருங்கொடுமை ஒன்றைக் கற்பித்து வருகின்றனர். ‘மௌஸ்’ என்பது அந்நூலின் பெயர். ஜெர்மன் மொழியில் எலி என்று பொருள். ஈப்போவிலும் சுங்கை சிப்பூட்டிலும் பயிலும் நம் மாணவரிடம் அதைக் கொடுத்தால் அவர்கள் கற்கக்கூடியது யாது, அதனருகே வைக்கத்தக்க நம் வரலாறு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆர்ட் ஸ்பீகல்மன் என்பார் அமெரிக்க ஓவியர். அவருடைய பெற்றோர் போலந்து நாட்டு யூதர். ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள். 1970-களில் அவர் தம் தந்தை விளாடெக்கின் எதிரே அமர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு, விடைகளை ஒலிநாடாவில் பதிவு செய்தார். தந்தை 1982-இல் இறந்தார். அந்தப் பேச்சே படக்கதையாகி 1986-இல் முதற் பாகமாகவும் 1991-இல் இரண்டாம் பாகமாகவும் வெளிவந்தது. 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. யூதர் எலிகளாகவும், ஜெர்மானியர் பூனைகளாகவும், போலந்தியர் பன்றிகளாகவும் வரையப்பட்டிருக்கின்றனர். யூதரை எலியென்றும் புழுவென்றும் பேசிய நாஜிகளின் பிரசாரத்தையே எடுத்து அவர்கள்மேல் திருப்பிய உத்தி இது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்று, சில வசைச் சொற்களும் ஆடையற்ற சிறு உருவம் ஒன்றும் இருப்பதாகக் கூறி இந்நூலை எட்டாம் வகுப்பிலிருந்து நீக்கியது. அறுபது இலட்சம் மக்கள் கொல்லப்பட்ட கதையில் வசைச்சொல்லைக் கண்டு அஞ்சுவது வியப்பே.

நம் நாட்டில் இது பாடநூல் அன்று. ஆனால் படக்கதை வடிவில் தன்வரலாறு எழுதுவது பேராக் மக்களுக்குப் புதிதும் அன்று. இம்மாநிலத்துக் கோத்தா பாருவில் பிறந்த லாட் 1979-இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’ வேறென்ன? ஈயக் கப்பலையும் ஆற்றையும் கம்பத்து வீட்டையும் கண்டு நகைத்த மாணவன், அதே வடிவில் துயரத்தையும் சொல்லலாம் என்பதை எளிதில் ஏற்றுக்கொள்வான். ஆசிரியர் முதலிலேயே தெளிவாக்க வேண்டியவை இரண்டுண்டு. பல இன மாணவர் அமர்ந்திருக்கும் வகுப்பில் பன்றியுருவம் ஏன் வந்தது என்பதை விளக்காமல் பக்கத்தைத் திருப்புதல் கூடாது. இஸ்ரேல் அரசின் செயல்களைப் பற்றி நம் நாட்டில் நிலவும் கருத்து வேறு. 1940-களில் ஐரோப்பாவில் குழந்தை குட்டிகளோடு கொல்லப்பட்ட மக்களின் வரலாறு வேறு. இவ்விரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்வாராயின் நூல் பயனற்றுப் போகும்.

இனி நம்மூருக்கு வருவோம். 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை முறியடிக்கப்பட்டது. பேராக் முழுதும் ஜப்பானியர் கைக்குச் சென்றது. அதே மாதம் 20-ஆம் நாள் பெர்லினை அடுத்த வான்சேயில் நாஜி அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதரை ஒழிக்கும் ஏற்பாட்டைத் திட்டம் செய்தனர். இவ்விரு தேதிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவது நல்லது. உலகின் வேறோர் மூலையில் நிகழ்ந்தது என்று மாணவன் எண்ணிய கதை, தன் பாட்டனார் பால்வெட்டிய அதே நாளில் நிகழ்ந்ததென்பது அப்போது விளங்கும்.

பேராக்கிலேயே எழுந்த ஆங்கில நினைவுநூல் ஒன்று இருக்கிறது. சிபில் கார்த்திகேசு அம்மையார் 1899-இல் சுமத்திராவின் மேடானில் பிறந்த யுரேசியர், மருத்துவத் தாதி. தமிழரான டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவை மணந்து, ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினார். ஜப்பானியர் வந்தபின் இருவரும் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே காட்டுப்படையினருக்கு மறைவில் மருத்துவம் செய்ததற்காகவும், வானொலியில் நேசநாட்டுச் செய்தி கேட்டதற்காகவும் 1943-இல் அம்மையார் பிடிபட்டார். கெம்பெத்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசாரின் சித்திரவதையால் முதுகெலும்பு பழுதுற்றது. போர் முடிந்தபின் சிகிச்சைக்காகப் பிரிட்டன் கொண்டு செல்லப்பட்டு, ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948 ஜூனில் இறந்தார். பின்னர் அவருடல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற நினைவுகள் 1954-இல் இலண்டனில் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் பெயரில் நூலாயின. துளி இரக்கமும் இன்மை என்பது பொருள்.

இத்தலைப்பு எங்கிருந்து வந்தது? ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நான்காம் அங்கத்திலிருந்து. அங்கே வெனிஸ் நகரத் தலைவன் இரக்கமற்றவன் என்று பழிப்பது யாரை? ஷைலக் என்னும் யூதனை! யூதனை இழித்துரைத்த சொல், யூதரைக் கொன்றொழித்த ஜெர்மனியின் கூட்டாளியாகிய ஜப்பான் ஈப்போவில் இழைத்த கொடுமைக்குத் தலைப்பாகி நிற்கிறது. ஒரு சொற்றொடர் கைமாறிக் கைமாறி எவரெவர் தலைமேல் விழுகிறது என்று ஆராய்வதற்கு ஆங்கில ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிபில் அம்மையாருக்கு ஆங்கிலம் இருந்தது; அவர் கதையை அச்சிட இலண்டனில் பதிப்பகம் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இங்கேதான் நம் வரலாற்றின் பெருங்குறை தொடங்குகிறது.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ரப்பர் ஏற்றுமதி நின்றதும் தோட்டங்களில் வேலை நின்றது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியக் காசுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. அந்த நிலையில், சயாமில் ரயில் பாதை போடப் போனால் நாட்கூலியும் உணவும் கிடைக்கும், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தனர். சொன்னவர் போதாதபோது பிடித்தும் ஏற்றினர். சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர்ப் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அதில் உழைத்து, அவர்களுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்த தொகையைப் பற்றி மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஆசியர் எல்லாரையும் சேர்த்து 90,000 வரை சொல்வாருண்டு. கைதிகளிடம் மருத்துவரும் அதிகாரிகளும் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடு இருந்தது. நம்மவரிடம் அவை இல்லாமையால் 1943-இல் வாந்திபேதி வந்தபோது கூட்டங்கூட்டமாக மடிந்தனர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் உள்ளன. நம்மவருக்கு அத்தகைய பெயர்ப்பலகை இல்லை. அந்நகரின் வாட் தாவோர்ன் விகாரையில் 2023-இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழிந்து! ரொனால்ட் சேர்ல் என்னும் ஆங்கில ஓவியர் கைதியாய்ப் பாதையில் உழைத்தபடியே, உயிருக்கு அஞ்சாது, வரைந்த படங்களை மறைத்துவைத்துக் காப்பாற்றினார். அவை 1986-இல் பெருநூலாய் வந்தன. ‘மௌஸ்’ முதற் பாகம் வந்த அதே ஆண்டு. பென்சிலும் தாளும் கிடைத்தவன் சாட்சியாகிறான். பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலைபார்த்தவர். தமிழ்த் தொழிலாளரை நாள்தோறும் கண்டவர். 1952-இல் அவர் எழுதிய குவாய் ஆற்றுப் பாலக் கதையிலும், அதைத் தழுவி இலங்கையில் எடுத்து 1957-இல் வெளியிட்ட படத்திலும் பாலம் கட்டுவோர் வெள்ளைக் கைதிகளே. உலகம் அந்தப் படத்தையே வரலாறென்று எண்ணிக்கொண்டிருக்கிறது. தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் நமக்கு இருக்கின்றன. அவற்றை மேல்படிவ மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

இரண்டு துயரங்களையும் ஒன்றென்று சொல்லிவிடுதல் தவறு. யூதரைக் கொல்வதே நாஜிகளின் நோக்கம். ஜப்பானியருக்குப் பாதை வேண்டும். அதைப் போடும் மனிதன் இருந்தாலென்ன, இறந்தாலென்ன என்பதே அவர்கள் நிலை. இறந்தவனுக்கு இரண்டும் ஒன்றே எனினும், ஆராயும் மாணவனுக்கு அவை இரண்டுதான். ‘நமக்கும் அப்படித்தான் நடந்தது’ என்று எழுதும் விடைத்தாளுக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன்.

அப்படியானால் ‘மௌஸ்’ நூலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது யாது? கேட்கும் முறை. அந்நூலில் தந்தை வீரர் அல்லர்; கஞ்சர், பிடிவாதக்காரர், வீட்டாரை நோகச் செய்பவர். மகன் அதை மறைக்கவில்லை. யூதரிடையே நாஜிகள் அமைத்த சபைகளும் யூதக் காவலரும் தம் இனத்தாரையே வண்டியேற்ற உடன்பட்டதையும் தந்தை சொல்கிறார்; மகன் வரைகிறான். தாய் அன்யா எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தேடியபோது, துக்கம் தாளாமல் தந்தையே அவற்றை எரித்துவிட்டார் என்று அறிகிறான். முதற் பாகம் அந்தச் சினத்தோடு முடிகிறது. ஒரு சாட்சியம் இப்படித்தான் அழியும். பகைவன் மட்டும் அழிப்பதில்லை.

நம் கதையிலும் கேட்க அஞ்சும் கேள்வி ஒன்றுண்டு. தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேண்டுமென்று ஜப்பானியர் கேட்டபோது, பெயர்களைக் குறித்துக் கொடுத்தவர் யார்? ஜப்பானியருக்கு லயத்து வீடுகள் தெரியா. கிராணியும் கங்காணியும் தண்டலும் அறிவர். அச்சத்தால் சொன்னவருண்டு, தன் சுற்றத்தானை விலக்கி வேற்றான் பெயரை எழுதியவருமுண்டு. இதனோடு மற்றொரு சிக்கலும் சேர்கிறது. பாதை இணைந்த நான்காம் நாள், 1943 அக்டோபர் 21-இல், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். சயாமுக்குப் போவதினும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வது மேல் என்று சேர்ந்த தோட்டத்து இளைஞர் பலர். நாட்டுப்பற்றால் சேர்ந்தவரும் பலர். ஒரே லயத்தில் ஒரு வீட்டு மகன் ஜப்பானியரோடு தோழனாய் நின்றான். அடுத்த வீட்டு மகன் ஜப்பானியன் காவலில் மூங்கிற் குடிசையில் கிடந்தான். இவ்விரு வீட்டாரும் போருக்குப் பின் ஒரே பெரட்டுக் களத்தில் நின்று வேலை பார்த்தனர். நம் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று தொடங்கி, மரவள்ளிக்கிழங்கோடு கதையை நிறுத்திவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். கிழங்கைப் பற்றிச் சொல்வதில் எவருக்கும் வருத்தமில்லை.

1943-இல் இருபது வயதினர் இன்றிருந்தால் நூறு கடந்திருப்பர். ஆகவே இனி நமக்குக் கிடைப்பது மகன் சொல்லும் கதை, பேத்தி சொல்லும் கதையே. அதுவும் பயனற்றதன்று. ஸ்பீகல்மன் தம் நூலில் இரண்டு காலங்களையும் அருகருகே வைக்கிறார்: முகாமில் நடந்தது, நியூயார்க்கில் அமர்ந்து அது சொல்லப்படுவது. எவர், எவரிடம், எப்போது கேட்டுச் சொன்னார் என்ற குறிப்பு இருந்தால் இரண்டாம் செவிக் கதையும் சான்றாகும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். விளாடெக் பேசும் ஆங்கிலம் இலக்கணப் பிழை மலிந்தது. சொற்கள் முன்பின்னாய் வரும். மகன் திருத்தவில்லை. நம் ஆங்கில ஆசிரியரோ சிவப்பு மையோடு பழகியவர். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் அதைத்தான் கற்பித்தார்கள். இந்நூலைப் படிக்கும்போதாவது அப்பேனாவை மூடிவைத்து, அந்தப் பிழை எந்த மொழியிலிருந்து வந்தது, அதைத் திருத்தினால் எந்த மனிதர் மறைந்துபோவார் என்று கேட்கச் செய்யலாம். அதே விதியைத் தமிழுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு எழுதிவரும்போது, தோட்டத்துப் பேச்சைச் செந்தமிழாக்கிக் கொண்டுவருவானாயின், அது பாட்டியின் சாட்சியம் அன்று; மாணவனின் கட்டுரை.

மேல்படிவ வகுப்பில் ‘மௌஸ்’ நூலின் ஓர் அதிகாரத்தை நடத்திய வாரமே இவ்வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு மாணவனும் ஒரு முதியவரைத் தேர்ந்து, சொல்பவரின் உறவுமுறை, கேட்ட நாள், சயாமுக்குப் போனவரின் பெயர், திரும்பியவரா இல்லையா என்பவற்றைக் குறித்து வரட்டும். ஆள் பெயரை வெளியிட வீட்டார் விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். தோட்டத்தின் பெயரை மட்டும் விடுதல் கூடாது. அதையும் இரு வகையில் எழுத வேண்டும். நம் மக்கள் தோட்டத்தைத் தம் வழக்குப் பெயரால் அழைத்தனர். கம்பெனிப் பதிவேடுகளில் இருப்பது ஆங்கிலப் பெயர். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்த இடங்களில் இப்போது மூன்றாவதாக ஒரு ‘தாமான்’ பெயரும் இருக்கும். தெரிந்தால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.